முட்டைக்கோஸ் இல்லாமல் ஒன்று

மதுரையில் ஹாரன் அடிப்பது வழி கேட்பதற்கு. மஸ்கட்டில் சாலையில் ஹாரன் அடித்தால் பக்கத்து வண்டிக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஆனால் சாயங்காலம் ஏதாவது ஒரு டீக்கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி மெல்ல ஒரு தடவை அழுத்தினால் போதும், உள்ளேயிருந்து ஒருவர் ஓடிவருவார். இறங்கவே வேண்டாம். கண்ணாடியை நாலு விரல் இறக்கினால் டீயும் சாண்ட்விச்சும் அந்த இடைவெளி வழியாகவே வந்துவிடும். வந்த புதிதில் இதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன திமிர், இறங்கி நாலடி நடந்தால் குறைந்தா போய்விடுவார்கள் என்று கூட வேலை பார்க்கிற பெண்ணிடம் பொரிந்து தள்ளியிருக்கிறேன். எனக்கென்று ஒரு கார் வந்து, வெயிலும் ஏறிய பிறகு, நானும் வாயை மூடிக்கொண்டு ஹாரன் அடிக்கப் பழகிவிட்டேன்.

ஹாட் டாக்கைப் பற்றியும் எனக்கு இன்று திட்டவட்டமான அபிப்பிராயங்கள் உண்டு. பெட்ரோல் பங்க் கடைகளில் கம்பி உருளைகளின் மேல் காலையிலிருந்து சுற்றிக்கொண்டே கிடக்கும் ஹாட் டாக்கை நான் தொடமாட்டேன். மால்களில் சினிமா தியேட்டர் வாசலில் விற்பது வெறும் பன்தான், சாஸேஜை உள்ளே தேட வேண்டும். ஆபீஸ் வேலையாக துபாய் போனபோது தேராவில் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒன்று சாப்பிட்டேன். மோசமில்லை, ஆனால் கடுகு சாஸை அள்ளிக் கொட்டிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது, இங்கே மஸ்கட்டில் கடற்கரைக்குப் போகும் சாலையில், மணல் திடலின் ஓரத்தில் நிற்கும் சக்கரம் வைத்த பெட்டிக்கடையில் கிடைப்பது. கோழி சாஸேஜை நீளவாக்கில் கீறி விரித்து, கல்லில் அழுத்தி, ஓரம் கருகும்வரை வாட்டுவார் கடைக்காரர். வெண்ணெய் தடவிய பன்னையும் அதே கல்லில் கவிழ்ப்பார். சீஸ் தடவி, முட்டைக்கோஸ் தூவி, சிப்ஸை நொறுக்கிப் போட்டு, மேலே காரச் சாஸ். அமெரிக்காவிலிருந்து யாராவது வந்து பார்த்தால் இது ஹாட் டாக்கே இல்லை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்தக் கடைக்கு நான் முதன்முதலில் போனது என் மகனுக்காக.

எனக்கு மஸ்கட்டில் ரூவி பகுதியில் ஒரு கட்டுமான கம்பெனியில் எஸ்டிமேஷன் வேலை. மதுரையில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள், அந்த நேரத்தில் இது வந்தது. கணவருக்கு அங்கே கல்லூரி வேலை, மகனுக்கு அங்கே பள்ளிக்கூடம். இரண்டு வருஷம் மட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இங்கே எல்லோரும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் வருகிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை லீவில் போவேன், மற்ற நாட்களில் போனில் முகம் பார்ப்போம். சாப்பிட்டியா, படிச்சியா, அப்பா எங்கே. இந்த மூன்று கேள்விகளையே மாற்றி மாற்றிக் கேட்டு ஒரு பையனை வளர்த்துவிட முடியும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவனுக்குப் பதின்மூன்று வயதானபோது மே மாத விடுமுறைக்கு அவனை இங்கே வரவழைத்தேன். திருச்சியில் அவன் அப்பா ஏற்றிவிட, தனியாகவே வந்து இறங்கினான். என் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த முதல் நாளே ஒன்று கேட்டான்.

"அம்மா, ஃப்ரிட்ஜைத் திறக்கலாமா?"

"இதையெல்லாம் கேப்பாங்களாடா? உன் வீடுதானே" என்றேன். தலையை ஆட்டினான். அடுத்த வேளையும் கேட்டான். டிவி போடலாமா, இந்தத் துண்டை எடுத்துக்கலாமா, இந்த நாற்காலியில் உட்காரலாமா. காலையில் எழுந்ததும் போர்வையை ஹோட்டல் அறையில் மடித்து வைப்பதுபோல் மடித்து வைத்தான். யாரும் குறை சொல்ல முடியாத பிள்ளை. வெளியூர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் இப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நான்தான் சின்ன வயதில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது எனக்கே திரும்பி வந்ததில் ரொம்ப வலித்தது. இந்த விடுமுறை முடிவதற்குள் அவன் கேட்காமல் ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

காரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அது தஞ்சாவூர்க் குடும்பம் ஒன்று ஊரோடு போகும்போது விற்றுவிட்டுப் போன கார். கணவன், மனைவி, ஐந்தாறு வயதுப் பெண் குழந்தை. பின் கண்ணாடியில் அந்தக் குழந்தை ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் இருந்தது. சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை, விட்டுவிட்டேன். இங்கே யாரும் பழைய கார், புதுக் கார் என்று விளக்கிக்கொண்டிருப்பதில்லை. ஓடுகிற கார் எல்லாம் ஏற்கெனவே யாரோ ஓட்டியதுதான். அதனால் வீட்டுக்கும் "கார் வாங்கிட்டேன்" என்று ஒரு வரி சொல்லி, முன்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பியதோடு சரி.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகன் "இங்க ஹாட் டாக் கிடைக்குமாம்மா?" என்று கேட்டான். அவன் வாயிலிருந்து வந்த முதல் ஆசை. ஆபீஸில் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்த அந்தப் பெட்டிக்கடைக்கு வண்டியை விட்டேன். இருட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் வெளியே அடுப்புக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. திடல் முழுக்க வண்டிகள். ஹாரன் அடித்தேன். மகன் கூசிப்போய், "இறங்கிப் போய் வாங்கலாமேம்மா, அவங்க என்ன நினைப்பாங்க" என்றான். எனக்கு அது பிடித்திருந்தது, என் பிள்ளைதான் என்று தோன்றியது.

கடைக்காரர் எங்கள் வண்டியை ஒரு பார்வை பார்த்தார், கையை உயர்த்தினார், திரும்பிக் கல்லில் வேலையைத் தொடங்கிவிட்டார். என்ன வேண்டும் என்று கேட்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் மூன்று பொட்டலங்களோடு வந்தார். நான் கண்ணாடியை நாலு விரல் இறக்கினேன்.

"ரொம்ப நாளாக் காணோமே மேடம், லீவுக்குப் போயிருந்தீங்களா?" நல்ல ராமநாதபுரம் பக்கத்துப் பேச்சு. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "இந்தாங்க, டபுள் காரம் சாருக்கு. சீஸ் இல்லாதது உங்களுக்கு. முட்டைக்கோஸ் இல்லாம ரெண்டா வெட்டினது பாப்பாவுக்கு. நீங்களே ஓட்டிட்டு வந்திருக்கீங்க, டிரம் டெஸ்ட் பாஸ் பண்ணிட்டீங்களா?"

டிரம் டெஸ்ட் என்பது டிரம்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்திக் காட்டுகிற சோதனை. இந்த ஊரில் லைசென்ஸ் வாங்க வேண்டுமானால் முதலில் அதைத் தாண்ட வேண்டும், பல பேர் அதிலேயே வருஷத்தைத் தொலைப்பார்கள். காரை விற்ற தஞ்சாவூர்ப் பெண்மணியும் அதில் திரும்பத் திரும்பத் தோற்றவர் என்று அவர் கணவர் சொல்லியிருந்தார். அதனால் எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. இந்த மனிதர் ஆளைப் பார்ப்பதில்லை. நாலு விரல் இடைவெளியில் அவருக்குத் தெரிவது ஒரு கைதான். அவர் வண்டியைப் பார்க்கிறார், நம்பரைப் பார்க்கிறார், பட்டாம்பூச்சியைப் பார்க்கிறார், ஆர்டரைப் போட்டுவிடுகிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் வேறொரு வண்டி ஹாரன் அடித்தது. "ம்" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டேன். இங்கே அவசரத்தில் இருப்பவர்களுக்கு எல்லோரும் சொல்கிற "ம்".

"சார், பாப்பா எல்லாம் நல்லா இருக்காங்கள்ல?" என்று கேட்டுக்கொண்டே அவர் ஓடிவிட்டார்.

நான் டபுள் காரத்தைப் பிரித்தேன். முதல் கடியிலேயே எனக்கு அந்தக் கடை பிடித்துப்போனது. மகன் அவனுடையதில் பாதியைத் தின்றுவிட்டு மடித்து வைத்தான். மூன்றாவது பொட்டலத்தை, இரண்டாக வெட்டியதை, மடியில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்ததும், "இதை ஃப்ரிட்ஜில வைக்கலாமா?" என்று கேட்டான்.

அதற்குப் பிறகு அவன் பேச்சு இன்னும் குறைந்தது. கேட்டால் பதில் வரும், அவ்வளவுதான். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். நண்பர்கள் இல்லாமல் சலிக்கிறது என்று நினைத்தேன். மத்ரா கடைத்தெருவுக்கு அழைத்துப் போனேன், மாலுக்கு அழைத்துப் போனேன், எதற்கும் முகம் மலரவில்லை. பிறகு ஒருநாள் நான் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வந்து நின்றான்.

"அம்மா, டிக்கெட்டை முன்னாடி மாத்த முடியுமா? நான் அப்பாகிட்டப் போறேன்."

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. "வந்து ரெண்டு வாரம் ஆகல. அப்படி என்னடா குறை வச்சேன் உனக்கு? அம்மாகூட இருக்க அவ்வளவு கஷ்டமா இருக்கா?" என்று கத்தினேன். அவன் திருப்பிக் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சட்டைப் பையிலிருந்து ஏதோ எடுத்து மேசையில் வைத்தான். ரோஸ் நிறத்தில் ஒரு சின்ன ஹேர்கிளிப்.

"கார் சீட்டுக்கு அடியில கிடந்துச்சு. வந்த அன்னிக்கே, ஏர்போர்ட்லருந்து வர்றப்பவே எடுத்தேன்" என்றான். "அந்தப் பாப்பா யாரும்மா? அந்த சார் யாரு?"

"எந்த சார்?" என்றேன்.

"கடையில அந்த அண்ணன் கேட்டாருல்ல. நீங்க ம்னு சொன்னீங்க." அவன் குரல் உடைந்தது. "உங்களுக்கு இங்க வேற வீடு இருக்காம்மா? அதான் ரெண்டு வருஷம்னு சொல்லிட்டு வராம இருக்கீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு வாயை விட்டுப் போன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். இந்தப் பிள்ளை இத்தனை நாளும் ஒரு ஹேர்கிளிப்பைப் பையில் வைத்துக்கொண்டு, என் வீட்டில் யாருடைய பொருளைத் தொடுகிறோமோ என்று பயந்து பயந்து அனுமதி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். சிரிப்பு அழுகையானது. காரை வாங்கிய கதை, தஞ்சாவூர்க் குடும்பம், டிரம் டெஸ்ட், பட்டாம்பூச்சி, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"சரிம்மா" என்றான்.

அந்த "சரிம்மா" எனக்கு நன்றாகத் தெரியும். சாப்பிட்டியா, படிச்சியா என்று கேட்கும்போது போனில் வருமே, அதே சரிம்மா. நம்பவில்லை என்பதை மரியாதையாகச் சொல்வது. இன்னும் எத்தனை விளக்கம் சொன்னாலும் அது கூடக் கூடப் பொய்யாகத்தான் தெரியும். செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டேன்.

"கிளம்பு" என்றேன்.

அன்றைக்குத் திடலில் கூட்டம் குறைவு. ஹாரன் அடிக்கவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன். வெளிக்காற்று முகத்தில் அறைந்தது. அந்தத் திடலில் வண்டியை விட்டு இறங்கி நின்ற ஒரே ஆள் நான்தான். மற்ற வண்டிகளில் இருந்தவர்கள் எல்லாம் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதுபோல் பார்த்தார்கள். மகனை என் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னேன். கடைக்காரர் வண்டியைப் பார்த்துக் கையை உயர்த்தினார், பிறகு கல்லில் சாஸேஜை அழுத்திக்கொண்டே பேசினார்.

"என்ன மேடம், இந்த வெயில்ல இறங்கிட்டீங்க? ஹாரன் அடிச்சா நான் வரமாட்டேனா?"

அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கை அப்படியே நின்றது. திரும்ப வண்டியைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

"நீங்க யாருங்க?" என்றார்.

என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டு நான் சந்தோஷப்பட்டதில்லை. அன்று பட்டேன். "இன்னொரு தடவை கேளுங்க" என்றேன்.

அவர் குழம்பிப்போனார். "இல்ல, இது நம்ம தஞ்சாவூர் சார் வண்டியாச்சே. நீங்க யாருன்னு தெரியலையே மேடம். நான் உங்களப் பார்த்ததே இல்லையே."

பக்கத்தில் மகன் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. நான் அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

அவர்கள் காரை எனக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள் என்று சொன்னேன்.

"போயிட்டாங்களா? கேன்சல்லயா?"

விசாவைக் கேன்சல் செய்துவிட்டு ஊரோடு போவதைத்தான் இங்கே அப்படிச் சொல்வது. லீவில் போகிறவர் திரும்பி வருவார், கேன்சலில் போகிறவர் வரமாட்டார். ஆமாம் என்றேன். அவர் கல் பக்கம் திரும்பினார். கரண்டியால் கல்லைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"அஞ்சாறு வருஷமா வெள்ளிக்கிழமையானா வருவாங்க மேடம். பாப்பா கைக்குழந்தையா இருந்தப்பருந்து. முதல்ல ரெண்டு, அப்புறம் மூணு. போறோம்னு ஒரு வார்த்தை சொல்லல." குற்றம் சொல்கிற குரல் இல்லை. "மறந்திருப்பாங்க. கெளம்புற நேரத்துல ஆயிரம் வேலை இருக்கும்ல."

நானும் வீட்டு உரிமையாளரிடம், வங்கியில், ஆபீஸில், பக்கத்து ஃப்ளாட்டில் என்று போகிற நேரத்தில் சொல்ல வேண்டியவர்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஹாட் டாக் கடைக்காரர் அதில் வரவே இல்லை. காருக்குள் இருந்தபடியே நாலு விரல் இடைவெளியில் பார்த்த மனிதர்களிடம் போய் என்னவென்று விடைபெறுவது. தஞ்சாவூர்க் குடும்பத்தில் ஒரு குழந்தை வளர்ந்ததை, பொட்டலங்களின் எண்ணிக்கையில் இவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அந்தத் தஞ்சாவூர்க்காரர்கள் மேல் கோபம் வந்தது. நான் எந்த முகத்தோடு கோபப்படுகிறேன் என்று யோசித்ததும் அது அடங்கிவிட்டது. என் மகன் வளர்ந்ததை நான் எதை வைத்துப் பார்த்தேன்?

மகன் பையிலிருந்து கிளிப்பை எடுத்து நீட்டினான். "இது அந்தப் பாப்பாவோடது அண்ணே. வண்டியில கிடந்துச்சு."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறிவிட்டு, சாஸ் பாட்டில்கள் இருந்த பலகையின் விளிம்பில் கவ்வ விட்டார்.

"சரி, உங்களுக்கு என்ன போடட்டும்?" என்று கேட்டார்.

நான் மகனைப் பார்த்தேன். அவனுக்கு ஹாட் டாக்கில் என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "நீயே சொல்லு" என்றேன்.

"எனக்கு சீஸ் நிறைய, சிப்ஸ் நிறைய. முட்டைக்கோஸ் வேணாம்" என்றான்.

"பாப்பா மாதிரியே" என்றார் கடைக்காரர்.

"அம்மாவுக்குக் காரம் போடாதீங்க அண்ணே. அவங்களுக்கு வயித்துல புண்ணு இருக்கு. அன்னிக்கு டபுள் காரத்தைத் தின்னுட்டாங்க."

எப்போதோ நான் அவன் அப்பாவிடம் போனில் சொன்னது. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், ஒன்றும் பயமில்லை என்று சாதாரணமாகச் சொன்னது. அவன் அந்தப் பக்கம் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பான். நான் மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொண்டேன். அவன் ஒரு கேள்வியும் கேட்காமல் என்னைப் பற்றித் தெரிந்து வைத்திருந்தான்.

காருக்குள் வந்து சாப்பிட்டோம். காரம் இல்லாத ஹாட் டாக் சப்பென்றுதான் இருந்தது. ஒரு துணுக்கு விடாமல் தின்றேன். வீட்டுக்கு வந்ததும் அவன் நேரே போய் ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தான். கதவைச் சாத்தக்கூட இல்லை. "கதவைச் சாத்துடா, கரண்ட் பில்லு யாரு கட்டுறது" என்று கத்தினேன். மனதார, வாய் நிறையக் கத்தினேன்.

அதற்கப்புறம் டிக்கெட்டை மாற்றும் பேச்சே வரவில்லை. அந்த விடுமுறை முடியும்வரை நினைத்தபோதெல்லாம் கடற்கரைச் சாலைக்குப் போனோம். ஹாரன் அடிப்பது அவன் வேலை. திடலுக்குள் வண்டி திரும்பும்போதே பக்கத்து சீட்டிலிருந்து எட்டி அழுத்திவிடுவான். கடைக்காரரும் எங்களைக் கேட்பதை நிறுத்திவிட்டார். கையை உயர்த்துவார், இரண்டு பொட்டலம் வரும். அவன் தின்று முடித்துவிட்டு என் கையிலிருப்பதில் ஒரு கடி கடிப்பான். கேட்கமாட்டான்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் முன் அவனை விமானம் ஏற்றிவிட்டேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போகும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தான். வீட்டுக்கு வந்தால் போர்வை கட்டிலில் சுருட்டிக் கிடந்தது. நாலைந்து நாள் அதை மடிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தனியாகக் கடைக்குப் போனேன். ஹாரனை அழுத்தினேன். கடைக்காரர் வண்டியைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கொஞ்ச நேரத்தில் வந்தார். நாலு விரல் போதும், ஆனால் கண்ணாடியை முழுசாக இறக்கினேன். இரண்டு பொட்டலங்களையும் நீட்டும்போதுதான் பக்கத்து சீட்டைக் கவனித்தார்.

"தம்பி எங்க மேடம்?"

"ஊருக்குப் போயிருக்கான்."

அவர் ஒரு கணம் தயங்கினார். "கேன்சல்லயா?"

"இல்லங்க. லீவுக்குத்தான் போயிருக்கான். வந்துருவான்."

"அப்ப ஒண்ணைத் திரும்ப எடுத்துக்கவா?"

"வேண்டாம்" என்றேன். "ரெண்டும் இருக்கட்டும். எப்பவும் ரெண்டாவே போடுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முட்டைக்கோஸ் இல்லாததை முதலில் பிரித்தேன்.